கட்டுநாயக்காதான் தூரம்

என் அக்கா ஆமினா உம்மாவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ராத்தாவின் கணவர் மீராசா மச்சான் கிழக்குக் கரையில் நிந்தவூரில் வேன் ஓடுகிறவர். வெளிநாடு போகிறவர்களைக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்குவதும், வருகிறவர்களை ஏற்றி வருவதும்தான் அவருடைய பிழைப்பு. அவர் வாயைத் திறந்தால் விமானக் கதைதான்.

"கட்டுநாயக்கால இருந்து கட்டாருக்கு அஞ்சு மணித்தியாலம். நிந்தவூர்ல இருந்து அங்க போய்ச்சேர எட்டு. இப்ப சொல்லுங்க, எது வெளிநாடு?"

வேனில் ஏறுகிற எவரும் இதைக் கேட்காமல் இறங்க முடியாது. நான் எத்தனை தரம் கேட்டேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

போன மாதம் பயணம் அவர் வீட்டுக்கே வந்தது. கட்டாரில் இருக்கிற மகள் ஜெனூபாவுக்குத் தலைப்பிள்ளை. பக்கத்தில் பெண்துணை இல்லை. "உம்மா, நீங்க இல்லாம எனக்கு ஏலாது" என்று போனில் ஒரே அழுகை. ராத்தாவுக்கு விசாவும் டிக்கட்டும் வந்தன. பிள்ளை பிறக்க முந்தி ராத்தா போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தூரப் பயணம் போகிறவர் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொல்ல வேண்டும். குற்றங்குறையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். "அதையெல்லாம் முதல் நாளே முடிச்சிருங்க" என்று மச்சான் ஊராரிடம் கறாராகச் சொல்வார். ராத்தாவிடம் அது எடுபடுமா? பின்னேரம் அசறுத் தொழுகையோடு புறப்பட வேண்டிய வேன், பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லியும் நகரவில்லை. வீட்டுக்கு வீடு தேத்தண்ணி, கட்டிப்பிடித்து அழுகை, மறுகா ஒரு வீட்டில், கட்டாரில் இருக்கிற தங்கள் மகனுக்கென்று அவர்கள் தந்த கருவாட்டுப் பார்சல்.

"என்ன புள்ள, பிளேன் உனக்காக நிக்குமா?" என்று மச்சான் கத்தினார்.

"சொல்லாமப் போனா அவங்கட முகத்துல முழிக்கேலுமா? நீங்க கெதியா ஓடுங்க."

துணைக்கு நானும் ஏறினேன். பாதி வழியில் மகியங்கனை தாண்டும்போது கட்டாரில் இருந்து மருமகன் போன் எடுத்தான். ஜெனூபாவுக்கு வலி தொடங்கிவிட்டதாம். ராத்தா ஸலவாத்து ஓதிக்கொண்டே அழுதா. மச்சான் அன்றைக்கு அஞ்சு மணித்தியாலக் கதையை எடுக்கவே இல்லை. கவுண்டர் மூடுகிற தறுவாயில் ராத்தாவை உள்ளே தள்ளிவிட்டோம்.

விடியச் சுபஹ் தொழுது, கொஞ்சம் கண்ணயர்ந்து, ஊருக்குத் திரும்பினோம். பகல் மகியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது வீடியோ கோல் வந்தது. திரையில் ராத்தா, கையில் பிள்ளை.

"நான் வந்து அவள்ர கையப் புடிச்சன், புள்ளையும் பொறந்திட்டு. பொம்புளப் புள்ள. நீங்க எங்க நிக்கிற?"

"மகியங்கனையில."

"இன்னும் ஊட்ட போய்ச் சேரலியா?" ராத்தா சிரித்தா.

பின்னால் ஜெனூபாவின் குரல். "வாப்பா, பொறந்த புள்ளைர காதுல சொல்ற முதல் பாங்க நீங்கதான் சொல்லணும். போனைப் புள்ளைர காதுல வைக்கிறன்."

மச்சான் கடை ஓரமாக ஒதுங்கி, தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, மெதுவாகப் பாங்கு சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பாங்கு முடியும்போது அங்கே பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டதாம். இங்கே மச்சான், கடைக்காரர் பார்க்கப் பார்க்க, விக்கி விக்கி அழுதார்.