பொட்டோடு எடுத்த படம்

தர்மபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த வான் என்னருகில் வேகத்தைக் குறைத்தது.

"ஏறடா, விசரா. நாளைக்குப் பூவரசங்குளத்தில வேலை கிடக்கு," என்றார் அண்ணை, கண்ணாடியை இறக்கி.

நான் ஏறவில்லை. வான் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பின்கண்ணாடியில் தண்ணீர் இறைக்கும் மிசினின் பெட்டி தெரிந்தது. காலையில் ஒருவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்தது, திரும்பிப் போகிறது.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு எந்த வேலையிலும் ஒரு போகத்துக்கு மேல் நான் நின்றதில்லை. செட்டிகுளத்தில் நெல் மூட்டை தூக்கினேன், முல்லைத்தீவில் கரைவலை இழுத்தேன், பிறகு அண்ணையிடம் வந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் காசில் ஆடு, தையல் மிசின், கோழிக்கூடு என்று வாங்கி இங்கே கஷ்டப்பட்ட வீடுகளுக்குக் கொடுப்பவர் அவர். கொடுக்கும்போது படம் எடுப்பது என் வேலை. எடுத்த இடத்திலேயே பார்த்து, பிழையென்றால் திரும்ப எடுக்க வேண்டும். கொடுப்பவர் கையும் வாங்குபவர் கையும் பொருளில் இருக்க வேண்டும். காசு அனுப்பியவரின் பெயரோடு பின்னால் கட்டிய பனரில் ஓர் எழுத்தும் வெட்டுப்படக் கூடாது. இரண்டு பேரும் போனைப் பார்க்க வேண்டும். கொடுக்கிற பொருளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அன்று காலை போனது மிளகாய்த் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்காவிடம். செடிகள் பூக்கத் தொடங்கியிருந்தன. மழை இல்லை. கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். கடைசி வரிசைகள் வாடிப் போயிருந்தன. அந்த மிசின் வந்தால் செடி மிஞ்சும், வராவிட்டால் இல்லை. அது எங்களுக்கும் தெரிந்தது.

முதல் படத்தில் அக்கா கண்ணை மூடிவிட்டார். அடுத்ததில் காற்றுக்குப் பனர் மடிந்திருந்தது. ஒவ்வொரு தரமும் போனைக் காட்டினேன், அவரும் வந்து பார்த்தார்.

"என்ர கலியாணத்துக்கே இவ்வளவு படம் எடுக்கேல்லை, தம்பி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு எடுத்தது நன்றாக வந்தது. வெளிநாட்டில் காசு தந்தவருக்கு அனுப்பினோம்.

பெட்டியைப் பிரிக்குமுன் பதில் வந்துவிட்டது, குரல்பதிவாக. அண்ணை எல்லோருக்கும் கேட்கப் போட்டுவிட்டார்.

"அண்ணை, புருசன் இல்லாத ஆக்களுக்கெண்டுதானே காசு அனுப்பினனான்? இவா பொட்டோட நிக்கிறா. என்னை முந்தியும் ஒருத்தர் இப்பிடித்தான் பேய்க்காட்டினவர்."

அண்ணை பொய் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் புருசன் வீட்டில் இல்லைதான். சண்டை முடிந்த நாட்களில் அக்காவின் கண் முன்னாலேயே ஆமியிடம் சரணடைந்து போனவர். அதன் பிறகு தகவல் இல்லை. அதனால் அக்கா ஒவ்வொரு காலையும் குங்குமம் வைத்தார்.

அண்ணை திருப்பிக் கோல் எடுத்துப் பார்த்தார். மறுபக்கம் போனை எடுக்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிசம் பொட்டை அழிச்சுப்போட்டு நில்லுங்கோ. படம் எடுத்தாப் பிறகு வையுங்கோவன்."

"செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் இன்னும் எனக்குச் சொல்லேல்லை, அண்ணை. ஒரு படத்துக்காக நான் சொல்லட்டோ?"

"அவன் மற்ற உதவியளையும் நிப்பாட்டிப்போடுவான், அக்கா. எத்தினை சனம் பார்த்துக்கொண்டு இருக்குது."

அதுவும் உண்மைதான். அக்கா வாடிய வரிசைகளைப் பார்த்தார். அண்ணை என்னை வேலிக்கரைக்குக் கூட்டிப்போனார். "போனிலேயே அழிக்கலாமெல்லோ? விரலால தேய்ச்சுவிடு."

தேய்த்தேன். படத்தைப் பெருப்பித்து, பொட்டு இருந்த இடத்தில் விரலை இரண்டு தரம் ஓட்ட, போய்விட்டது. பொட்டு இருந்த அடையாளமே இல்லை.

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். நான் போனில் எதையோ தேய்ப்பதைக் கண்டிருக்க வேண்டும். "காட்டு தம்பி," என்று கை நீட்டினார். கொடுத்தேன். வெயிலுக்குக் கையால் மறைத்து, கனநேரம் பார்த்தார்.

"வடிவா வந்திருக்கு," என்றார். "ஆனால் இவாவின்ர புருசன் செத்துப்போனார். மிசினை இவாவுக்கே குடுங்கோ."

போனை என் கையில் வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

நான் அந்தப் படத்தை அழித்தேன். பொட்டும் சிரிப்புமாக இருந்ததை இன்னொரு தரம் அனுப்பினேன். "ஆரைக் கேட்டு அனுப்பினனீ?" என்று அண்ணை கத்தினார். பதில் எழுத்தில் வந்தது. இந்த மிசினுக்கு வேறு ஆளைப் பாருங்கோ என்று. பெட்டியைத் தூக்கி வானில் ஏற்றியதும் நான்தான், வேறு ஆள் இல்லை. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணையின் போனை வானின் முன் சீற்றில் வைத்துவிட்டு நடந்தேன்.

அன்றிரவு தெரிந்த ஒருவரின் கடை விறாந்தையில் படுத்தேன். காலையில் அங்கே தேத்தண்ணி குடிக்க வந்த கமக்காரர் ஒருவர், "பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறத் தெரியுமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவருடையதும் மிளகாய்த் தோட்டம். கயிற்றை ஒரே இழுவையில் இழுக்க மிசின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலால் ஓடி வந்தது. மண்வெட்டியால் முதல் பாத்தியின் வாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஒரு வாளி தண்ணீர் எத்தனை செடிக்குக் காணும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"டேய், வரம்பு உடையுது, எங்கை பாக்கிறாய்?" என்று அவர் கத்தினார். குனிந்து மண்ணை வெட்டிப் போட்டேன்.