மைக் அக்காவின் மூன்றாவது ஜன்னல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்தில் யாருக்கு எது கேட்காமல் போனாலும் பழி என் தலையில்தான் விழும் என்றால், கோபம் வராமல் பின்னே சிரிப்பா வரும்? ஆம்ப்ளிஃபயர், மைக், கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒலிபெருக்கிகள், அவற்றைக் கோக்கிற வயர்கள் எல்லாம் என் பொறுப்பு. அதனால் என் பெயரே ‘வயர்’ என்று ஆகிப்போனது. வீட்டில் வைத்த பெயர் என்னவென்று மேலாளரைக் கேட்டால் முழிப்பார்.

மைக்குக்கு முன்னால் உட்காருகிறவர் மைக் அக்கா. கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓரமாக என் பெட்டி. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்பதெல்லாம் அக்கா சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தால் பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து தன் பையைத் தேடுவான். அப்படிப்பட்ட குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

முதலில் நான் அதை யோசிக்கவே இல்லை. குரல் இறங்க இறங்க, என் கை தானாக வால்யூம் குமிழை ஏற்றிக்கொண்டே போனது. குமிழைச் சுற்றி, மற்றவர்கள் பேசும்போது நிற்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். அக்காவுக்கென்று தனியாக ஒரு சிவப்புப் பொட்டு வைக்கவேண்டி வந்தது. அவர் பையில் இருந்த நகச்சாயத்தைத்தான் கடன் வாங்கி வைத்தேன். மாற்று ஆள் உட்கார்ந்தால் வெள்ளை, அக்கா உட்கார்ந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பும் போதாத நாள் வந்தது. ஒரு கல்யாணக் கூட்டமே அறிவிப்புக் கேட்காமல் வண்டியைத் தவறவிட்டு, நேராக மேலாளர் அறைக்குள் போய் நின்றது.

மேலாளர் என்னிடம் வந்தார். “உன் மெஷின்ல என்னய்யா கோளாறு?”

மைக்கை மாற்றினேன். வயரை மாற்றினேன். கம்பம் கம்பமாக ஏறி இறங்கினேன். பெட்டியைப் பிரித்துத் தூசி தட்டி மூடினேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

“சார், பெட்டி நல்லா இருக்கு.”

“அப்போ அந்தம்மாதான் சரியில்ல. இந்த மாசம் முடியட்டும். அப்பவும் இப்படித்தான்னா, தொலைஞ்ச சாமான் ரூமுக்கு மாத்திடுறேன். மைக்குக்கு வேற ஆளப் போட்டுக்கலாம்.”

தொலைந்த சாமான் அறை என்றால் ஒற்றைச் செருப்பும் உடைந்த குடையும் அடுக்கிவைத்த இருட்டறை. அக்காவை அங்கே உட்காரவைப்பதும் ஒன்றுதான், அவரையே தொலைந்த சாமானாக அடுக்கிவைப்பதும் ஒன்றுதான். நேராகப் போய்க் கேட்டேவிட்டேன்.

“அக்கா, வாயத் தொறந்து பேசுனா என்ன? முத்தா உதிரப் போகுது?”

அக்கா எழுந்து கதவைச் சாத்தினார். “யார்கிட்டயும் சொல்லிடாதடா. நான் கண்ணைத் திருப்பினா எனக்குச் சத்தம் கேக்குது.”

“காதுல பூ சுத்தாதீங்க.”

“பூ இல்லடா, உப்புத்தாள். சுவத்துல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. இந்தப் பக்கம் பாத்தா சரக்குங்குது. அந்தப் பக்கம் பாத்தாலும் சரக்குங்குது. நேரப் பட்டியலை வரிவரியாப் படிக்கறப்போ கேளு, தச்சுப்பட்டறைதான்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் காதருகே என் காதை வைத்து, “இப்போ திருப்புங்க” என்றேன். அக்கா கண்ணை உருட்டினார். எனக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

அதோடு நிற்கவில்லை. பேசினால், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் அவர் குரல் அவருக்கே இடிக்கிறதாம். மெல்லப் பேசுவதே அவருக்குக் கத்துவதாகத்தான் படுகிறதாம். வெளியே பெரிய வண்டி ஹார்ன் அடித்தால் மேசை ஒரு பக்கம் சாய்கிறதாம். ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் அவர் மேசை விளிம்பைப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ பழக்கம் என்று விட்டிருந்தேன்.

“டாக்டர்கிட்ட போகலையா?”

“போனேன். ஒருத்தர் அழுக்கு எடுத்தார். இன்னொருத்தர், வீட்ல ஏதாவது மனக்கஷ்டமான்னு கேட்டார். மூணாவது ஆள்கிட்ட போனா பைத்தியம்னு எழுதிக் குடுத்துடுவாங்கன்னு பயந்து நின்னுட்டேன்.”

வீட்டிலும் யாருக்கும் விஷயம் தெரியாது. மாமா, அதாவது அக்காவின் கணவர், சாலை முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். மனைவி மெல்லப் பேசுவதைப் பார்த்து, தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் மட்டும் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்: “இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் என் மருமகளுக்கு அடக்கம் வந்திருக்கு.” வறுத்த கடலை தின்றால் மண்டைக்குள் கல் உடைகிற சத்தம் என்பதால், அக்கா பிஸ்கட்டைக்கூடத் தேநீரில் கூழாக்கித்தான் சாப்பிட்டார். மகள் அதைப் பார்த்து, “அம்மா, உனக்குப் பல்லு போயிடுச்சா?” என்று கேலி செய்வாள்.

யாரிடமும் சொல்லாதே என்று அக்கா சொன்னதையும் மீறி, நான் பஞ்சர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மாமா கையில் இருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டு, “கோவம் இல்லையா அப்போ?” என்றுதான் முதலில் கேட்டார். மனிதருக்கு முகமே மலர்ந்துபோனது. அப்புறம்தான் பயந்தார்.

“மாப்ள, நீயும் கூட வா. சத்தம்னா உனக்குத்தான் தெரியும்.”

பெரிய மருத்துவமனையின் காது டாக்டர் ஒரு அம்மா. அக்கா சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். உப்புத்தாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசை இழுப்பறையிலிருந்து, பள்ளிக்கூடத்தில் இசைக்கவை என்று படித்தோமே, அந்த இரண்டு கால் இரும்பை எடுத்து முழங்கையில் தட்டினார். அதன் காம்பைக் காதருகே வைப்பார் என்று பார்த்தால், குனிந்து அக்காவின் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

அக்கா சட்டென்று இடது காதைப் பொத்திக்கொண்டார். “இங்க கேக்குது டாக்டர். காதுக்குள்ள மணி மாதிரி.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கால் எங்கே, காது எங்கே. “எனக்கு வைங்க டாக்டர்” என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். வைத்தார். எலும்பில் கொஞ்சம் கூசியது, அவ்வளவுதான். மாமாவும் காலை நீட்டினார். அவருக்கும் ஒன்றுமில்லை.

தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். நான் அதுவரை காதையும் ஒரு மைக் என்றுதான் நினைத்திருந்தேன்: ஒரு சவ்வு அதிரும், ஒரு நரம்பு வயர்போல அதைக் கொண்டுபோகும். உள்ளே இருப்பது வேறு உலகம். சவ்வுக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். அதற்கும் உள்ளே நத்தை ஓடுபோல் சுருண்ட குழாய், குழாய் நிறையத் திரவம். கடைசிக் குட்டி எலும்பு ஒரு ஜன்னலில் நின்று அந்தத் திரவத்தைத் தள்ளுகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், சவ்வு போட்ட இன்னொரு ஜன்னல் அந்தப் பக்கம் புடைத்து இடம் கொடுக்கிறது. இந்த இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் அலை ஓடும்போது, வழியில் நிற்கும் மயிரிழைகள் அசைகின்றன. கீச்சுக்குரல் வாசலிலேயே நின்றுவிடும், கட்டைக்குரல் சுருளின் உள்கோடி வரைக்கும் போகும். காதுக்கு எட்டுகிற மிக மெல்லிய சத்தத்துக்கு அந்த இழைகள் அசைவது ஏறக்குறைய ஓர் அணு அளவுதானாம்.

“அவ்வளவு சின்ன அசைவு எப்படி டாக்டர் போதும்?” என்றேன்.

“சில செல்லுங்க தாளத்துக்குத் தக்கபடி சுருங்கி நீண்டு, அலையைப் பெருசாக்கிக் குடுக்கும். உங்க பெட்டி பண்ற வேலைதான்.”

“காதுக்குள்ள ஆம்ப்ளிஃபயரா?”

“ஆமா. மைக் கிட்ட ஸ்பீக்கர வச்சா ஊளையிடும் இல்ல? அந்த மாதிரி சில காது தானாவே மெல்ல விசிலும் அடிக்கும்.”

நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். மாமா என் தொடையில் தட்டினார். “உன் சந்தேகத்த அப்புறம் வச்சுக்க மாப்ள. இவளுக்கு என்னன்னு கேளு.”

அக்காவுக்கு இரண்டு ஜன்னல் போக, மூன்றாவதாக ஒன்று திறந்திருந்தது. கேட்பதற்கான நத்தைக்குழாய்க்குப் பக்கத்திலேயே, தலை சுற்றாமல் நிற்பதற்கென்று மூன்று வளையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே திரவம். மேல் வளையத்தை மூடவேண்டிய எலும்பு அக்காவுக்கு ஓரிடத்தில் இல்லை. அதனால் வெளியிலிருந்து வரும் சத்தத்தின் வேகம் கொஞ்சம் அந்த வழியே திசைமாறிப் போகிறது, வளையத்தை ஆட்டுகிறது, மேசை சாய்கிறது. எலும்பு வழியாக வருகிற உடம்பின் சொந்தச் சத்தங்களோ, அதே ஓட்டையால் இரட்டிப்பாகக் கேட்கின்றன. குரல், மெல்லுவது, கண்மணி உருள்வது என எதுவும் பாக்கியில்லை.

“டியூப்ல ஓட்டை, காத்து எறங்குது. அதானே டாக்டர்?” என்றார் மாமா.

“இல்ல. தண்ணி எங்கயும் வெளிய போகல. அழுத்தம்தான் வழி தவறிப் போகுது.”

மாமா விடவில்லை. “சரி, ஒட்டு போடலாமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “போடலாம். மண்டையோட்டுப் பக்கமாத் தொறந்து, அந்த வளையத்த அடைக்கணும். பெரும்பாலும் சரியாகிடும். ஆனா அந்தக் காது முழுசாக் கேக்காமப் போறதுக்கும் வாய்ப்பு இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

திரும்பி வந்தோம். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். காது போய்விட்டால் மைக் எங்கே, அக்கா எங்கே. நிலையத்து வாசலில் அக்கா நின்றார்.

“ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப்போடாதீங்க. இத்தனை நாளா நான் பைத்தியமோன்னு நானே பயந்துட்டு இருந்தேன். வெறும் ஓட்டைதான்னு தெரிஞ்சுபோச்சு. அடைச்சுப் பாத்துடலாம்.”

மேலாளரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கணுக்கால் கதையைக் கேட்டுவிட்டு, நான் குடித்திருக்கிறேனா என்று பார்த்தார். கடைசியில், “சரி, லீவு எடுத்துக்கட்டும். திரும்பி வந்து பேசிக் காட்டட்டும். கேட்டா மைக், கேக்கலைன்னா சாமான் ரூம்” என்றார்.

அறுவை முடிந்த பிறகு தலைசுற்றல் வாரக்கணக்கில் இருந்தது. சுவரைப் பிடித்து நடந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதெல்லாம் பக்கத்தில் ஆள் இருந்ததால் காதைப் பற்றிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவரும் சொல்லவில்லை. மாமியார் மட்டும் வாசல்வரை வந்து, “பழைய வாய் திரும்பி வந்துடும் போலிருக்கே” என்று கவலைப்பட்டார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய காலை, மேலாளர் கடைசி நடைமேடையின் கோடிக் கம்பத்தடியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா கடையைப் பூட்டிவிட்டு வந்து, கண்ணாடிக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, பழக்க தோஷத்தில் குமிழைச் சிவப்புப் பொட்டுக்கு ஏற்றிவைத்தேன். அக்கா மைக்கை இழுத்து, மூச்சை நிரப்பி, முதல் வண்டியை அறிவித்தார்.

நிலையம் குலுங்கியது. கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. நகர்ந்துகொண்டிருந்த வண்டியை ஓட்டுநர் பிரேக் போட்டு நிறுத்தினார். பெஞ்சில் தூங்கியவன் எழுந்து பையைத் தேடினான். கோடிக் கம்பத்தடியில் மேலாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “போதும், போதும்” என்று தலையை ஆட்டினார்.

நான் பாய்ந்து குமிழைத் திருகினேன். சிவப்பிலிருந்து வெள்ளைப் பொட்டு வரைக்கும் இறக்கினேன். இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு குமிழை நான் இறக்கியதில்லை. கண்ணாடிக்கு வெளியே மாமா அழுதுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய வண்டி ஒன்று ஹார்ன் அடித்தது. அக்காவின் கைகள் மடியிலேயே இருந்தன.

மைக்கை அணைத்துவிட்டு, அக்கா மெதுவாக இடது பக்கம் பார்த்தார். அப்புறம் வலது பக்கம். மறுபடியும் இடது பக்கம்.

அவர் இடது காதருகே குனிந்து மெல்லக் கேட்டேன்: “என்னக்கா, என்ன கேக்குது?”

“ஒண்ணும் இல்லடா,” என்றார். “சும்மா பாக்கறேன்.”