கவர் கிழிக்காத சீட்

வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிக்கிற வாடை ஒன்று உண்டு. சூடேறிய ரெக்சினும், பாலிதீன் கவரும், முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்த சென்ட் குப்பியும் சேர்ந்து வெந்து கிளம்புகிற வாடை. அதற்குள் ஏறி உட்கார்ந்தால், பாவாடைக்கு வெளியே இருக்கும் கால் அத்தனையும் சீட்டுக் கவரில் ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் ‘சரக்’கென்று பிரிந்து வரும். என் சிறுவயதின் மத்தியானங்களில் பாதியை நான் அந்தச் சீட்டில்தான் கழித்தேன். இத்தனைக்கும் அந்த நாட்களில் அந்தக் கார் எங்கேயும் போனதில்லை.

எங்கள் வீடு தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் இருந்தது. அப்போது அங்கே வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். கல் நட்டுக் கயிறு கட்டிய மனைகளுக்கு நடுவே எங்கள் வீடு தன்னந்தனியாக நின்றது. பக்கத்தில் விளையாடப் பிள்ளைகள் கிடையாது, ஒதுங்க மர நிழலும் கிடையாது. வாப்பா வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவராக இருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது லீவில் வந்தவர், ஒரு சின்ன வெள்ளைக் காரைப் புதிதாக எடுத்து வந்து நிறுத்தினார். ஊரெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, லீவு முடிந்து போய்விட்டார். போகும்போது உம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “சீட்டுக் கவரைக் கிழிக்காண்டாம். அடுத்த லீவுக்கு நான் வந்து கிழிச்சுக்கிடுதேன்.”

வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஆண்களை எங்கள் பக்கம் ‘சபராளி’ என்பார்கள். சபராளி வீடுகளில் இது ஒரு வழக்கம். அவர் வாங்கிப்போட்ட சோபா, அவர் கொண்டுவந்த மிக்சி, அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கட்டில் மெத்தை, எல்லாம் கடையில் வந்த பிளாஸ்டிக் உறையோடேயே இருக்கும். அவர் வந்துதான் பிரிப்பார். அதுவரை வீட்டிலுள்ளவர்கள் அந்த உறையின் மேல் வழுக்கி வழுக்கி உட்கார்ந்து, வியர்த்து எழுந்திருப்பார்கள். முன்னாடியே பிரித்துவிட்டால் அவர் இல்லாமலேயே வாழப் பழகிவிட்டதாக ஆகிவிடும் என்று பெண்கள் நினைத்தார்களோ என்னவோ, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடையத்திலிருந்து சாகுல் மாமா எனக்குப் பள்ளிக்கூட லீவான வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி வருவார். உம்மாவின் தம்பியான அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பாட்டரி இறங்கிவிடாமல் இருக்க எஞ்சினைப் போட்டு உறுமவிடுவதற்கு மட்டும் வாப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். மாமா ஏதோ செங்கோட்டை மலைப்பாதையில் திருப்பத்தை ஒடிக்கிறவர் மாதிரி விறைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பிறகு அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். நான் மட்டும் இறங்கமாட்டேன். அந்த முன்சீட்டில் இருந்தால் பக்கத்தில் வாப்பா ஓட்டிக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. அவர் வர வேண்டும், வந்தபின் திரும்பிப் போகக்கூடாது. அந்த வயதில் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமைதான் வாப்பாவின் போனும் வரும். “வண்டில உக்காந்தியாட்டி?” என்பார். “உக்காந்தேன் வாப்பா. சுடுது,” என்பேன். அவ்வளவுதான், அவருக்கு உற்சாகம் வந்துவிடும். “ஒரு பக்கத்துக் கண்ணாடிய முழுசா எறக்கிரு. எதுத்த பக்கம் போயி கதவப் பிடிச்சு விசிறு மாதிரி நல்லா ஆட்டு. உள்ள இருக்க வெக்கையெல்லாம் அந்தப் பக்கமாப் போயிரும்.” நான் ரிசீவரை வைத்த கையோடு ஓடிப்போய் ஆட்டிப் பார்ப்பேன். நிஜமாகவே வெக்கை தணிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வாராவாரம் ஒரு புது உபாயம் வந்தது. துண்டை நனைத்துப் பிழிந்து காற்று வருகிற பக்கத்து ஜன்னலில் தொங்கவிட வேண்டும். கிழிந்த கோரைப்பாயை வெட்டிக் கவரின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். முதுகைச் சாய்க்கக்கூடாது, சாய்த்தால் சட்டை நனைந்து, பிறகு அதுவே கொதிக்கும். ஈரக் கைக்குட்டையைப் பிடரியில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து காலை வெளியே தொங்கப்போட்டால் உடம்புச் சூடு இறங்கும். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்திருந்து விழுங்க வேண்டும். “உங்க வண்டி எப்படி இருக்கும் வாப்பா?” என்று ஒரு தடவை கேட்டேன். “நமக்கென்னட்டி, ஏசி வண்டி. உள்ள குத்தாலச் சாரல் மாதிரில்லா இருக்கும்,” என்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அவர் வந்தார். சபராளிகளுக்கு, குற்றாலத்தில் அருவி கொட்டுகிற சாரல் காலத்தில் லீவு கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். வாப்பாவுக்கு அது வாய்த்ததே இல்லை. வந்து சில நாள் ஆகியும் அவர் கவரைக் கிழிக்கவில்லை. நான் கேட்டதற்கு, “ஒரேயடியா வருவேம்லா, அப்பக் கிழிப்போம்,” என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் இந்தத் தடவையும் திரும்பிப் போகப்போகிறார். உம்மா அடுக்களையில் முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

ஒருநாள் மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போனோம். சுடுகிற பாறையில் நூல் மாதிரி ஒழுகியது தண்ணீர். வாப்பா வண்டியிலேயே இருப்பதாகச் சொல்ல, நானும் உம்மாவும் மட்டும் போய்க் காலை நனைத்துவிட்டுச் சீக்கிரமே திரும்பினோம். மற்ற வண்டிகளின் ஆட்கள் எல்லாம் மரத்தடியிலும் கடைகளின் சாய்ப்பிலும் ஒதுங்கியிருந்தார்கள். நல்ல நிழல் பக்கத்திலேயே இருந்தும் வாப்பா வெயிலில் நின்ற காரைவிட்டு நகரவில்லை. கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கப்போட்டு, பிடரியில் ஈரக் கைக்குட்டையோடு, முதுகு சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தார். எனக்குச் சொன்னதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று துள்ளி எழுந்து, கைக்குட்டையைப் பைக்குள் திணித்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தி ஓரமாக நின்றார். உம்மாவுக்கு. எனக்கு. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

உம்மா ஏறவில்லை. “அங்க ஏசி அந்த வீட்டுக்காரங்களுக்கு மட்டுந்தானா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அவங்க எறங்குனதும் எஞ்சினை அமத்திறணும். எப்ப வருவாங்கன்னு தெரியாதுல்லா, அங்கன இங்கன போக முடியாது,” என்றார் வாப்பா, யாரைப் பற்றியோ சொல்வதுபோல.

உம்மா அந்தக் கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் வந்து, நகத்தால் சீட்டுக் கவரின் ஓரத்தைக் கீறி இழுத்தாள். வெயிலில் இற்றுப்போயிருந்த பாலிதீன் துண்டு துண்டாகத்தான் வந்தது. இரண்டு சீட்டையும் முழுக்க உரித்துக் கீழே போட்டாள். “இனி நீங்க போவாண்டாம்,” என்றாள். அவள் அவரிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். வாப்பா குனிந்து, அங்கே திரியும் குரங்குகள் இழுத்துவிடாமல் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனார். அத்தைகள் இருவர் கல்யாணத்துக்கு நின்றார்கள், போகாமல் என்ன செய்வார். கவர் இல்லாத சீட் அத்தனை சுடவில்லை. ஆனால் சுட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நான் சுடுது என்றால் அவர் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை நினைத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. “வண்டில உக்காந்தியாட்டி?” என்று கேட்டால், “சுடலை வாப்பா, நல்லா இருக்கு,” என்பேன். அவர் படிப்புக்குத் தாவிவிடுவார். “படிக்கியா?” “படிக்கேன்.” “சரி, உம்மாட்டக் குடு.” அவருக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் நான் அப்படிச் செய்தேன். அவருக்கு என்னோடு பேச இருந்த ஒரே பேச்சை அது நிறுத்திவிட்டது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி நான் சென்னைக்குப் போயிருந்தேன். இப்போது குத்துக்கல்வலசையில் காலி மனை என்று ஒன்றும் மிச்சமில்லை. அந்த வெள்ளைக் கார் எப்போதோ கைமாறிப் போயிற்று. சபராளி வீடுகளில் எல்லா அறையிலும் ஏசி இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகளை வந்த அன்றைக்கே பிள்ளைகள் கிழித்துவிடுகிறார்கள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.

போன கோடையில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வாப்பாதான் தன் புதுக் காரில் என்னைத் தென்காசி ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார். ரயிலுக்கு நேரம் இருந்ததால் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். எஞ்சினை அணைக்காமல் ஏசியைக் கூட்டி வைத்தார். உள்ளே நல்ல குளிர்ச்சி. ரயில் எத்தனை மணிக்குச் சென்னை போய்ச் சேரும் என்று கேட்டார், சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். பிறகு இரண்டு பேரும் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே சுடவில்லை, சுடுது என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கவும் வழியில்லை. தகிக்கும் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த சிறுமிக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாப்பா இருந்தார். இப்போது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கு என் மேல் மிகுந்த பிரியம், எனக்கும் அவர் மேல் மிகுந்த பிரியம், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் சரியாகப் பழகவில்லை.