வேனுக்குள் இருந்த வாத்தியங்கள்

எங்கள் ரெகே குழுவில் நான்கு பேர். ஆரம்பத்தில் நான்கு பேரில் ஒருவருக்கும் ரெகே தெரியாது. காற்றுக் காலத்தில் கற்பிட்டிக்கு வந்து பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் பாட்டுத்தான் பிடிக்கும் என்றார் ஒரு ஹோட்டல்காரர். தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டோம். பிறகு முந்தலில் மூடிக் கிடந்த ஓர் இறால் பண்ணைக் கொட்டிலைப் பிடித்து, சனி ஞாயிறு பகல்களில் வியர்க்க வியர்க்கப் பழகினோம்.

நான் கனமூலைக்காரன். வாப்பா மவ்லூது ஓதும் வீடுகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மைக்செட் வாடகைக்குக் கொடுத்தவர். மைக் ஆகும், கிட்டார் ஆகாது என்பது அவருடைய சட்டம். சின்ன வயதில் நான் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சலவாத்து ஓதுகிறவரின் குரலில் அடியில் கிடக்கும் கனம் முதுகெலும்பில் ஏறும். என் இசைக் கல்வி அவ்வளவுதான். அதனால்தான் பேஸ் கிட்டார் எடுத்தேன். சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது.

டிரம் அடிப்பவன் என்னைவிட இளையவன், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பான். பக்கீர் பாவாமார் குடும்பம். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோதும் அவனுடைய வாப்பா றபான் என்ற கைப்பறையை விடவில்லையாம். ராத்திபு என்ற ஓதல் சடங்கு நடக்கும்போது பாவாமார் உடம்பில் இரும்பைக் குத்திக்கொள்வார்கள். இரும்பு உள்ளே இருக்கும்வரை றபான் நிற்கக் கூடாது. அப்படியே வளர்ந்தவனுக்கு ஒரு பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நாங்கள் முடித்துத் தண்ணீர் குடிப்போம், அவன் அடித்துக்கொண்டிருப்பான். கீபோர்ட்காரர் சிலாபத்துப் பக்கம், மாதா கோயிலில் பூசைக்கு ஓர்கன் வாசித்தவர். கட்டையில் கை வைத்தால் எடுக்க மாட்டார். ரெகேயில் தொட்டதும் கையை எடுக்க வேண்டும். "கைய எடுங்க மச்சான், இன்னம் பூசை முடியல்லயா?" என்று பாடகன் கத்துவான்.

அந்தப் பாடகன்தான் எங்களில் உண்மையான பாட்டுக்காரன். புத்தளத்துக்குக் கிட்ட, ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் சில இருக்கின்றன. அவன் அதில் ஒரு வீட்டுப் பிள்ளை, கத்தோலிக்க வேதக்காரன். அவனுடைய அம்மா மாஞ்சா பாடுவார். பழைய போர்த்துக்கேயம் கலந்த பாட்டு. தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தாளம். மெல்லத் தொடங்கி, போகப் போக வேகம் பிடிக்கும். அர்த்தம் கேட்டால், "பாதி தெரியும், பாதி தெரியா, பாடினா சரி" என்று சிரிப்பார்.

ரெகேயில் நான்கு அடியில் முதலாவதை வெறுமையாக விட வேண்டும். பேஸ் டிரம் மூன்றாவதில்தான் விழும். டிரம் தம்பிக்கு அது நரகம். அவனுக்கு இடைவெளி என்றாலே யாருக்கோ இரத்தம் வரப்போகிறது என்று பயம். அவனுக்காகப் பாடகன் ஒரு வழி கண்டுபிடித்தான். முதலாவது அடி வரும்போது தன் குதிகாலை மெதுவாகத் தரையில் ஊன்றுவான். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் மூவருக்கும் மட்டும் கேட்கும். அந்தக் குதிகாலில்தான் எங்கள் குழு நின்றது என்று இப்போது சொல்வேன். அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பாடகனுக்கு டெங்கு. ஆறு நாள். ஏழாம் நாள் மையத்து.

அடக்கத்துக்கு வேனில் போனோம். அவன் காய்ச்சலில் விழுமுன் வாசிக்க ஏற்றிய வாத்தியங்கள் அப்படியே பின்னால் கிடந்தன. தம்பியின் றபானும் இருந்தது. கோயில் வாசலில் சவப்பெட்டியை இறக்கியபோது டிரம் தம்பி வேன் கதவில் கை வைத்து என்னைப் பார்த்தான்.

"எடுப்பமா நானா?"

"வேணாம்," என்றேன். "வேதக்காரங்கட மையத்து. கோயில் ஆக்கள் என்ன நெனப்பாங்க."

கீபோர்ட்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மையத்தில் பாட்டுப் போட்டால் முஸ்லிம் பொடியன்மாருக்குச் சங்கடம் என்று அவர் எண்ணிக்கொண்டாராம். தம்பியோ, மூத்தவர்கள் இரண்டு பேரும் பேசாதபோது தனக்கென்ன என்று இருந்துவிட்டான். ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை! பாம்பும் சாகவில்லை, கம்பும் முறியவில்லை. ஒரு பாட்டுக்காரன் மட்டும் பாட்டில்லாமல் மண்ணுக்குள் போனான்.

பெட்டிக்குப் பின்னால் நடந்த அவனுடைய அம்மா இரண்டு தரம் திரும்பி எங்கள் வேனைப் பார்த்தார். களைத்துப்போய் உட்கார இடம் தேடுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவு.

இரண்டு கிழமை கழித்துக் கொட்டிலைத் திறந்தோம். நானே பாடுவது என்று முடிவாகியிருந்தது. முதல் பாட்டிலேயே, முதலாவது அடியில், குதிகால் விழுந்தது. நான் நின்றுவிட்டேன். "என்ன?" என்றார் கீபோர்ட்காரர். ஒன்றுமில்லை என்று திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் கேட்டது. சீமெந்துத் தரையில், எனக்கு இடப்பக்கத்தில், அவன் நிற்கும் இடத்தில். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கம் என்ன, பயம்தான். பட்டப்பகலில், தகரக் கூரை வெயிலில் வெடித்துக்கொண்டிருக்க, கை குளிர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த அடியை நான் பேஸில் நிரப்பத் தொடங்கினேன். வெறுமை இல்லையென்றால் கேட்காதல்லவா. ஒவ்வொரு பாட்டிலும், ஒவ்வொரு சுற்றிலும், முதலாவதில் ஒரு தடித்த இழுப்பு. பாட்டு நாசமானது. "இது என்ன மச்சான், கல்யாண வீட்டுப் பைலாவா?" என்று கீபோர்ட்காரர் சீறினார். ஹோட்டலில் சனம் எழுந்து போனது. நான் நிறுத்தவில்லை. ஒருநாள் இருவரையும் கெட்ட வார்த்தையில் ஏசி, கிட்டாரைக் கடற்கரை மணலில் தூக்கி எறிந்தேன்.

டிரம் தம்பி அதைப் பொறுக்கியெடுத்து மணலைத் துடைத்தான்.

"இரும்பு உள்ளுக்க இரிக்கி நானா," என்றான். "மையத்தண்டைக்கு நாமதான் அடிக்காம உட்ட."

மூன்றாம் மாதப் பூசைக்குப் பாடகனின் அம்மாவே சொல்லி அனுப்பினார். வாத்தியங்களோடு வரச் சொன்னார். பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பின்னேரம் மூன்று மணி இருக்கும். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் உறவுக்காரர்கள். அம்மா வீட்டில் பேசுவது சிங்களம். எங்களோடு தமிழ் கலந்து பேசுவார், மகனே என்பதற்குப் 'புதே' என்பார்.

"புதே, அண்டைக்கு வேனுக்குள்ள எல்லாம் இருந்திச்சு என்ன?"

நான் தலை குனிந்தேன்.

"என்ட அப்பாவக் கொண்டு போகக்குள்ள பாடித்தான் கொண்டு போன. இவனுக்கும் நீங்க எடுப்பீங்க எண்டு பாத்துப் பாத்து நடந்த நான்."

"நான்தான் வேணாமெண்ட, அம்மா," என்றேன். "இவங்க இல்ல. நான்."

அவர் எழுந்து உள்ளே போய் இரண்டு சிரட்டைகளோடு வந்தார். கல்லறைவரைக்கும் நடக்கப்போவதாகச் சொன்னார். டிரம் தம்பி றபானை எடுத்தான். கீபோர்டைத் தூக்கிக்கொண்டா நடப்பது? கீபோர்ட்காரருக்கு யாரோ ஒரு போத்தலும் கரண்டியும் கொடுத்தார்கள். என்னுடைய பேஸ் கரண்ட் இல்லாமல் வெறும் பலகை. அதை வேனில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தேன். நிரப்புவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மா மாஞ்சாவை மெல்லத் தொடங்கினார். பாதி அர்த்தமுள்ள, பாதி அர்த்தமில்லாத பாட்டு. தம்பி றபானில் முதலாவது அடியை விட்டான். அதைப் பாவாமாரும் செய்யமாட்டார்கள், மாஞ்சாக்காரரும் செய்யமாட்டார்கள். எங்கள் கொட்டிலில் பழகியது. அந்த வெறுமை வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

குதிகால் விழுந்தது.

கண்ணைத் திறந்தால் எனக்கு முன்னால் அம்மாவின் கால். செருப்பில்லாத கால், மணல் ஒட்டிய குதி. ஒவ்வொரு சுற்றிலும், அதே இடத்தில், அதே அழுத்தத்தில். பாடும்போது அவர் எப்போதும் அப்படித்தான் ஊன்றுவார் போலிருக்கிறது. எங்களுக்காகக் கண்டுபிடித்தான் என்று நான் நினைத்திருந்தது அவன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே கேட்டது. நடுத்தெருவில் நான் விம்மி விம்மி அழுதேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டு அப்போது வேகம் பிடித்துவிட்டது.

கல்லறையில் அம்மா சிரட்டைகளைக் கீழே வைத்தார். முகம் துடைத்தார். என் கையைப் பிடித்தார்.

"நல்லா இருந்திச்சு புதே," என்றார். பிறகு, கோபமில்லாமல், "அண்டைக்குச் செஞ்சிருந்தா அவனுக்கும் கேட்டிருக்கும்," என்றார்.

வேனில் ஏறினோம். நான் ஓட்டினேன். கீபோர்ட்காரர் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தார். பின் ஆசனத்தில் தம்பி இன்னும் றபானை அடித்துக்கொண்டிருந்தான், விரல் நுனியால், முதலாவதை விட்டு விட்டு. பாலாவிச் சந்தி வந்தது, மதுரங்குளி வந்தது. நான் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.