வராமலே ஜெயித்தவர்கள்

நாலாவது மாடித் தையல்காரம்மா அந்தக் குடியிருப்பில் ஏறி இறங்காத வாசல் இல்லை. லிஃப்ட் செத்துப்போய் ஒரு வருஷமாகிறது. புதிது போட வேண்டுமென்றால் சங்கக் கூட்டத்தில் பாதி வீட்டுக்காரர்களாவது வந்து உட்கார வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் கூட்டம் செல்லாது. பக்கவாதத்தில் விழுந்த அவள் கணவர் இந்த ஒரு வருஷமாகக் கீழே இறங்கவே இல்லை. அவரை ஒருநாளாவது இறக்கி வெயிலில் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

கீழ் வீட்டுக்காரர்களுக்கு லிஃப்ட் எதற்கு? ஆனால் அதை வந்து சொல்ல அவர்கள் என்ன ஏமாளிகளா? வந்து எதிர்த்துக் கை தூக்கினால் ஓட்டில் தோற்பார்கள். வராமல் இருந்தால் ஜெயித்துவிடுவார்கள். அந்தப் புண்ணியவான்களுக்கு இந்த சூட்சுமம் அத்துப்படி.

"கண்டிப்பா வரேன்க்கா, உங்களுக்கு இல்லாததா?" என்று தேனொழுகப் பேசுவார்கள். கூட்டத்தன்று கதவு சாத்தியிருக்கும், உள்ளே டிவி அலறும். அவளே நாற்காலிகளைப் போட்டு, அவளே திரும்ப அடுக்கி வைப்பாள்.

போன கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் குறைந்தது. முதல் மாடி பேங்க்காரர் படியிறங்கி வந்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவரோ வாசலிலேயே நின்று தலைகளை எண்ணினார்.

"ஐயோ, அடுப்ப அணைக்க மறந்துட்டேம்மா. நீங்க ஆரம்பிங்க, வந்துடறேன்."

"நீங்க இல்லாம ஆரம்பிக்க முடியாது சார்!" என்று கத்தினாள். போனவர் போனவர்தான்.

"என்னாச்சு?" என்றார் கணவர், அவள் மேலே வந்ததும்.

"அடுத்த மாசம் பாக்கலாம்ங்க."

"ஆகட்டும். வெயில் எங்க ஓடிடப் போகுது?"

அடுத்த மாதத்துக்கு அவர் இல்லை. ஒரு காலையில் மூச்சுத் திணறியது. படிக்கட்டு வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நாற்காலியில் வைத்துக் கட்டி ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

உடலை மாடிக்குத் தூக்க வழியில்லாமல் கார் நிறுத்துமிடத்திலேயே கிடத்தினார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் இறங்கி வந்தார்கள். பேங்க்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் நின்றார்.

சங்கத் தலைவர் அவளருகே குனிந்தார். "எல்லாரும் வந்தாச்சும்மா. எடுத்துடலாமா?"

அவள் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழவில்லை.

"பாதிக்கு மேலயே இருக்காங்க சார். முதல்ல கூட்டத்த ஆரம்பிங்க."