முசரவாக்கத்து கேட்சர்

விளையாட்டுச் சாமான் கடை வைத்து அவதிப்படும் என் சக வியாபாரிகளுக்குத் தெரியும்: பந்தும் மட்டையும் விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், தலைக்குப் போடுகிற சாமானை விற்றால் முடியாது.

முகத்துக்கு

முசரவாக்கத்திலிருந்து கஸ்தூரியம்மா மகள் நந்தினியோடு வந்தார். பெண் ஏழாவது படிக்கிறாள். பள்ளி பேஸ்பால் அணியில் கேட்சர். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து, வேகமாக வருகிற பந்தைப் பிடிக்கிற வேலை. எங்கள் ஊரில் கிரிக்கெட் சாமான்தான் ஓடும். விக்கெட் கீப்பர் ஹெல்மெட் ஒன்றை எடுத்து நீட்டினேன். அதை மாட்டிக்கொண்டு கடை நடுவிலேயே குந்தினாள். தலையைத் திருப்பினால் ஹெல்மெட் கூடவே திரும்பவில்லை. கழுத்து மொத்தமும் வெளியே தெரிந்தது.

"இது வேணாம் பாய். மட்டையில உரசிக்கினு வந்தா பந்து எங்க போவுதுன்னே தெரியாது" என்றாள்.

நெஞ்சுக்கு

சென்னையில் சொல்லி கேட்சர் செட் வரவழைத்தேன். தொண்டையையும் மறைக்கிற மாஸ்க் கச்சிதமாக உட்கார்ந்தது. முட்டிக் கவசமும் சரி. நெஞ்சுக் கவசத்தை மட்டும், வளர்கிற பெண்ணாயிற்றே என்று, பெரிய சைஸாகக் கேட்டார் கஸ்தூரியம்மா. யூனிஃபார்ம் எடுத்த பழக்கம். போட்டுக் குந்தியதும் அது மேலே ஏறி மகளின் மோவாயை முட்டியது. சரியான சைஸை எடுத்துக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்தவருக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு மெத்தென்று இருப்பது பந்தைத் தாங்குமா?

கழற்றி வைத்த பெரியதைச் சேலைக்கு மேலேயே கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். "எறிடி" என்றார் மகளிடம். "வேணாம்மா" என்று நான் சொல்வதற்குள் நந்தினி எறிந்தேவிட்டாள். பந்து தொப்பென்று அவர் நெஞ்சில் விழுந்தது. மூச்சு நின்றது எனக்குத்தான். அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுக் கவசத்தை அவிழ்த்தார்.

"வலிக்கல பாய். இப்ப இவ அளவுக்குக் குடுங்க."

மைதானத்தில்

அவர்கள் பள்ளி ஆடிய ஆட்டத்துக்கு நானும் போனேன். விற்றவன் மனசு கேட்கவில்லை. ஒரு பந்து மட்டை விளிம்பில் உரசி நேராக நந்தினியின் மாஸ்க்கில் அடித்தது. மல்லாக்க விழுந்தாள். கஸ்தூரியம்மா வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பி.டி. மாஸ்டர் ஓடிப்போய் மாஸ்க்கைக் கழற்றி, கண்ணைப் பார்த்து, கழுத்தைத் தொட்டு, ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு மண்ணைத் தட்டிவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அதே இடத்தில் மறுபடி குந்தினாள். அடுத்த பந்து அவள் கையுறையில் போய் உட்கார்ந்தபோது என் கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும், பயமாக இல்லையா என்று அவளிடம் கேட்டேன்.

"கடைசி வரைக்கும் பந்து தெரிஞ்சுது பாய். தெரியறதுக்கு எதுக்கு பயப்படணும்?"

ஆக, இந்த வியாபாரத்தில் கவசம் தேவைப்படுவது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான்.