அக்கா ஒட்டிக் கொடுத்த கவர்கள்

எங்கள் அக்கா, உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஏரிப் பாசனத்தை நம்பிய விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். காஞ்சிபுரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு, உத்திரமேரூரில் ஒரு சிறிய தொண்டு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த அக்கா, முப்பத்துமூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தார். தம்பியாகிய என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னதில்லை.

பரிசோதனை முடிவைக் கவரில் போட்டு ஒட்டி, உரியவர் கையில்தான் கொடுப்பார். கணவன் வந்து கேட்டாலும் கிடைக்காது. பஸ்ஸில் யாராவது, "யக்கா, என் சுகரு எவ்ளோ கீது?" என்றால், "கவர்ல கீது, வூட்ல போய் பிரிச்சிப் பாரு" என்பார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் உடம்பு விஷயம் அவருக்குத் தெரியும். ஆனால் ஊர்க்கதை பேச உட்கார்ந்தால் அவரைப்போல் பிரயோசனமில்லாத ஆள் கிடையாது.

என் மகளுக்கு ஒரு வரனைப் பேசி முடிக்கும் நேரம். பையன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு லேப் ரூமிலிருந்து வெளியே வந்ததை ஒருவர் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். நேரே அக்காவிடம் போனேன்.

"அந்தப் பையனுக்கு ஏதாச்சும் சீக்கு கீதா?"

"இன்னாடா கேக்கற? அவன் வந்தானான்றதையே நான் சொல்லக்கூடாது."

"ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்."

"இன்னிக்கி இவனுக்கு இல்லன்னு சொன்னா, நாளைக்கி வேற ஒருத்தனப் பத்தி நான் சொல்லாம இருந்தா, அவனுக்கு சீக்கு கீதுன்னு ஆயிடும். பயமா இருந்தா அந்தப் பையனையே போய்க் கேளு."

நான் கேட்கவில்லை. அக்காவின் மௌனத்துக்கு நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு சம்பந்தத்தை நிறுத்தினேன். காரணம் கேட்டவர்களிடம், "லேப்ல கீற எங்க அக்காவே சொல்லிச்சி" என்றும் சொல்லிவிட்டேன்.

பையன் வீட்டார் மருத்துவமனைக்கே போய், வரிசையில் நின்றவர்கள் முன்னால் அக்காவைத் திட்டித் தீர்த்தார்கள். "நான் சொல்லல" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. அதன்பிறகு சிலர், ரத்தப் பரிசோதனைக்குக் காஞ்சிபுரம் போக ஆரம்பித்தார்கள். அது அவரை மிகவும் வருத்தியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னை அவர் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் நோய் கண்டது. தன் ரிப்போர்ட்டைத் தானே படித்துவிட்டு, "ரெண்டு மாசம் இருப்பேன்" என்றார். ஏறக்குறைய அப்படியே ஆயிற்று.

இறுதிச் சடங்கில் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அந்தப் பையனும் ஒருவர். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தயங்கித் தயங்கி, அன்று ஏன் லேபுக்கு வந்தார் என்று கேட்டேன்.

"பிரசவத்துக்கு வந்த ஒரு பொண்ணுக்கு ரத்தம் வேணும்னாங்க, குடுத்தேன். எனக்கு சீக்கு எதுவும் இல்லைங்க. இல்லாதத உங்க அக்கா சொல்லியிருக்க மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். எங்க வூட்லதான் யாரும் நம்பல."

எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசி நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அக்காவுக்காக நாங்கள் அச்சிட்ட இந்த நினைவு மலரை வாங்கிப் போகிறவர்கள் ஊரில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா யாரைப் பற்றியும் எதையும் சொன்னதில்லை. பொய் சொன்னவன் நான்.